உள்ளங்கையில் ஓர் அடுப்பு: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க எவ்வளவு எரிவாயு செலவாகும் தெரியுமா? சுமார் 15 கிராம்! மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைதான். அதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்த 15 கிராமிலும் பாதி வீணாகத்தான் போகிறது. எரிந்த வெப்பம் அத்தனையும் சிதறாமல் பாத்திரத்துக்குள் இறங்கினால் ஏழரை கிராமே போதும். மீதி, பாத்திரத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டு மேலே போய்விடுகிறது. காற்று கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகிறது. அடுப்பின் இரும்பு கொஞ்சம் குடிக்கிறது.

வீட்டுச் சமையலறையில் இந்தப் பாதியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மேடைக்கு அடியில் 14.2 கிலோ சிலிண்டர் நிற்கிறதே! ஆனால் அடுப்பையும் எரிபொருளையும் முதுகில் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும், அல்லது தெருவெல்லாம் வெள்ளம், கரண்ட் இல்லை, மாடியில் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்றால்? அப்போது கிராம் கணக்கு உயிர்க் கணக்காகிவிடும். கையில் தூக்கிப்போகும் சின்ன அடுப்பின் கதை முழுக்க, தப்பி ஓடும் அந்தப் பாதி வெப்பத்தைத் துரத்திப் பிடித்த கதைதான். தேடித் தேடிப் படித்த எனக்கு இன்னும் மலைப்பு அடங்கவில்லை!

பாட்டி வீட்டு பம்ப் ஸ்டவ் தென் துருவத்துக்குப் போனது தெரியுமா?

பித்தளை டாங்கி, மூன்று கால், "உஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல், நீலச் சுடர். அதே ஸ்டவ்தான்! ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்ற தொழிலாளி 1892 வாக்கில் உருவாக்கியது. பெயர் பிரைமஸ். அதுவரை மண்ணெண்ணெய் அடுப்பு என்றாலே திரிதான். திரி என்றால் மஞ்சள் சுடர். மஞ்சள் சுடர் என்றால் பாத்திரமெல்லாம் கரி. அந்த மஞ்சள் நிறமே முழுதாக எரியாத கரித்துகள்கள் கனன்று காட்டும் நிறம் என்பது தெரியுமா? கண்ணுக்கு அழகாகத் தெரிவதெல்லாம் எரியாமல் வீணாகும் எண்ணெய்!

லிண்ட்க்விஸ்ட் திரியையே தூக்கி எறிந்தார். பம்ப் அடித்தால் டாங்கிக்குள் காற்றழுத்தம் ஏறும். அழுத்தம் எண்ணெயை மேலே தள்ளும். மேலே போகும் குழாய் அந்த அடுப்பின் சுடருக்குள்ளேயே வளைந்து போகிறது. அங்கே எண்ணெய் ஆவியாகி, ஊசிமுனை அளவுத் துளை வழியாகச் சீறி, காற்றோடு கலந்து, புகையில்லாமல் நீலமாக எரிகிறது. அந்தச் சுடர் அடுத்து வரும் எண்ணெயை ஆவியாக்குகிறது. தன் தீயால் தன் எண்ணெயைத் தானே பக்குவம் செய்துகொள்ளும் அடுப்பு!

அப்படியென்றால் முதல் தடவை குழாயைச் சூடாக்குவது யார்? அதற்குத்தான் பர்னருக்குக் கீழே அந்தச் சின்னக் கிண்ணம். பாட்டி அதில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்தி, அது எரிந்து அடங்கும் நேரம் பார்த்துப் பம்ப் அடிப்பார். அவசரப்பட்டு முன்னால் அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சியடித்து, சுடர் ஆள் உயரம் எழும்பும். சின்ன வயதில் அதை ஏதோ சடங்கு என்றே நினைத்திருந்தேன். அத்தனையும் பொறியியல்! துளை அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க ஸ்டவ் பின். தகரத் துண்டின் நுனியில் மயிரிழைக் கம்பி. பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைத்த அந்தப் பின் இல்லையென்றால் அன்றைக்குச் சமையலே இல்லை.

இதே ஸ்டவ்வைத்தான் நார்வேக்காரர் ஃப்ரித்யோஃப் நான்சென் 1895-ல் வட துருவத்தை நோக்கிப் பனிச்சறுக்கில் கிளம்பியபோது எடுத்துப்போனார். அடுப்பு பழையதுதான், அவர் செய்த புதுமை பாத்திரத்தில்! நடுவே சமையல் பானை. அதைச் சுற்றி வளையமாக ஒரு பனி உருக்கும் பாத்திரம். மேலே இன்னொரு பனிப் பாத்திரம். எல்லாவற்றையும் மூடும் வெளிக்கூடு. கிளம்பிய சூடான காற்று எல்லாப் பாத்திரத்தையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே போக முடியும். உள்ளே உணவு வேகும்போதே சுற்றிலும் குடிநீர் தயார்.

நம் ஊர்க் கொடி அடுப்பு நினைவுக்கு வருகிறதா? பெரிய அடுப்பில் சோறு கொதிக்க, மிஞ்சிய அனல் உள்வழியாகப் பக்கத்துக் குழிக்குப் போய் அங்கே பாலோ ரசமோ சூடாகிக்கொண்டிருக்கும். அந்த அடுப்பை மண் குழைத்துப் போட்ட பெண்கள் யாரும் தெர்மோடைனமிக்ஸ் படிக்கவில்லை. ஆனால் முதல் பானையிலிருந்து தப்பிய வெப்பத்தை இரண்டாம் பானையில் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

ஒரு தோல் வாஷர் உயிரைக் குடிக்கும், தெரியுமா?

பனிக்கண்டத்தில் தாகத்தால் தவிக்க முடியுமா? முடியும்! காலடியில் கிலோமீட்டர் கணக்கில் உறைந்த நீர் இருந்தாலும், எரிபொருள் தீர்ந்தால் ஒரு வாய் குடிக்க முடியாது. இதோ நான் அசந்துபோன கணக்கு: 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 335 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டியை வெறுமனே உருக்க, அதுவும் பூஜ்ய டிகிரித் தண்ணீராக மட்டும் ஆக்க, 334 கிலோஜூல்! ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் எரிபொருள், பனி உருகுவதற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. கொதி வருவது அதற்குப் பிறகுதான்.

1911 டிசம்பர் 14-ல் இதே பிரைமஸோடு தென் துருவத்தைத் தொட்ட ரோல்ட் ஆமுண்ட்சென் இதை நன்றாக உணர்ந்தவர். வழியில் புதைத்து வைக்கும் மண்ணெண்ணெய் டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அடைத்தார். ஐந்து வாரம் கழித்து வந்து சேர்ந்த ராபர்ட் ஸ்காட்டின் டின்களிலோ தோல் வாஷர் வைத்த மூடிகள். திரும்பும் வழியில் ஸ்காட் குழுவினர் ஒவ்வொரு கிடங்காகத் தோண்டிப் பார்த்தபோது, எண்ணெய் குறைந்திருந்தது. கொடுங்குளிரில் வாஷர்கள் பிடிமானம் இழந்து, எண்ணெய் ஆவியாகவும் கசிந்தும் போயிருந்தது. 1912 மார்ச் கடைசியில், அடுத்த பெரிய கிடங்குக்குச் சுமார் 18 கிலோமீட்டர் இருக்கும்போது, ஸ்காட்டும் இரண்டு தோழர்களும் கூடாரத்துக்குள்ளேயே இறந்தார்கள். பசி, பனிக்கடி, ஓயாத சூறை எனக் காரணங்கள் பல. ஆனால் அந்த வாஷரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. பாட்டியின் ஸ்டவ் பம்பிலும் அதே மாதிரி ஒரு தோல் வாஷர் இருந்தது. காய்ந்துபோனால் தேங்காயெண்ணெயில் ஊறப்போடுவார், அது மறுபடி பிடிக்கும்.

1916-ல் எர்னஸ்ட் ஷாக்கில்டனும் ஐந்து பேரும் ஜேம்ஸ் கெயர்ட் என்ற சின்னப் படகில் உலகின் மிக மோசமான கடலை 16 நாளில் கடந்தார்களே, அந்தப் படகிலும் ஒரு பிரைமஸ்! இரண்டு பேர் எதிரெதிரே முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து கால்களால் ஸ்டவ்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அலை தூக்கும்போதெல்லாம் பானையைக் கையில் தூக்கிக்கொண்டு கஞ்சி காய்ச்சினார்கள். சூடாக ஒரு குவளை, வேளை தவறாமல். ஆறு பேரும் கரை சேர்ந்தார்கள்!

அறுபது நாளில் ஓர் அடுப்பு!

1942-ல் அமெரிக்க ராணுவம் கோல்மன் நிறுவனத்திடம் ஒரு பட்டியலை நீட்டியது. எடை குறைவாக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பால் பாட்டிலைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. கிடைக்கும் எந்த எரிபொருளிலும் எரிய வேண்டும். மைனஸ் 51 டிகிரிக் குளிரிலும் 52 டிகிரி வெயிலிலும் வேலை செய்ய வேண்டும். கெடு இரண்டே மாதம்! செய்துவிட்டார்கள். அதே நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் படை இறங்கியபோது ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். போர் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேல். போர்முனைச் செய்தியாளர் எர்னி பைல், சண்டைக்கு நேரடியாகச் சம்பந்தமில்லாத கருவிகளில் ஜீப்புக்கு இணையாக இந்த அடுப்பைத்தான் வைத்தார். ஒரு ஜீப்பும் ஒரு பாட்டில் உயர அடுப்பும் ஒரே தட்டில்!

அதே வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்ரோல் டின்னைப் பாதியாக வெட்டி, மணலை நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கலக்கி, தீ வைத்துத் தேநீர் போட்டார்கள்! மணல்தான் திரி. போருக்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் டாங்கிகளுக்குள்ளேயே தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்பாத்திரத்தைப் பொருத்திவிட்டார்கள் என்றால், ஒரு சூடான குவளைக்கு என்ன மரியாதை என்று பாருங்கள்.

பக்கத்துக் கூடாரத்து நியூசிலாந்துக்காரர்களிடம் இருந்தது இன்னும் அற்புதம். தெர்மெட் என்ற கெட்டில். நடுவே புகைபோக்கி, சுற்றிலும் தண்ணீர். அடியில் சுள்ளியைப் போட்டுக் கொளுத்தினால் தீ தண்ணீரின் நடு வயிற்றுக்குள் புகுந்து மேலே போகும்! வெளியே தப்பும் வெப்பம் மிகக் குறைவு. எல்லா அடுப்புக்கும் காற்று எதிரி. இதற்கு மட்டும் நண்பன். காற்று அடிக்க அடிக்கச் சீக்கிரம் கொதிக்கும். அயர்லாந்தில் கெல்லி கெட்டில் என்று இதற்கு ஓர் அண்ணனே உண்டு.

மரத்தூள் அடுப்பில் ராக்கெட் ஒளிந்திருந்தது தெரியுமா?

மரம் அறுக்கும் பட்டறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். டின்னின் அடிப்பக்கம் ஓர் ஓட்டை. நடுவே ஒரு கட்டையை நிறுத்தி, ஓட்டை வழியே இன்னொரு கட்டையைச் செருகி அதைத் தொடவிட்டு, சுற்றிலும் மரத்தூளைக் குத்திக் குத்தி இறுக்குவார்கள். பிறகு இரண்டு கட்டையையும் மெல்ல உருவிவிட்டால், உள்ளே படுத்து எழுந்த மாதிரி ஒரு சுரங்கம். கீழே சுள்ளியைப் பற்ற வைத்தால் மணிக்கணக்கில் எரியும்.

இப்போது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்கு வாருங்கள். 1980களின் தொடக்கத்தில் லாரி வினியார்ஸ்கி என்ற பொறியாளர் ஏழை நாடுகளின் விறகு அடுப்புக்காக வடிவமைத்த ராக்கெட் அடுப்பிலும் அதே வளைவுதான்! கீழே படுக்கைவாக்கில் விறகு நுழையும் வாய், மேலே நிமிர்ந்த குட்டிப் புகைபோக்கி. சூடான காற்று விர்ரென்று மேலே இழுக்க, புதுக்காற்று கீழே பாய்ந்து வரும். புகையும் உள்ளேயே எரிந்துவிடும். புகை என்பது எரியாத விறகுதானே! ஆளில்லாமலேயே ஊதிக்கொள்ளும் ஊதாங்குழல் என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே புரியும்.

இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று. தடிமனான மண் சுவர் வெப்பத்தைக் காக்கும் என்றுதானே நினைக்கிறோம்? கனமான சுவர் முதலில் வெப்பத்தைக் குடிக்கும்! நீண்ட நேரம் எரியும் அடுப்புக்கு அது பரவாயில்லை. பத்து நிமிடத்தில் தேநீர் போட்டுக் கிளம்பும் அடுப்புக்கு அது நஷ்டம். அதனால்தான் வினியார்ஸ்கி தீயைச் சுற்றிச் சாம்பல் போல லேசான, காற்று நிறைந்த பொருளை வைக்கச் சொன்னார்.

மருந்து மாத்திரையில் தேநீர், குளிரில் தூங்கிவிடும் கேஸ்

1936-ல் ஜெர்மனியில் எரிச் ஷூம் என்பவர் தீப்பெட்டி போல் மடித்துப் பையில் போடும் அடுப்பும் அதற்கு வெள்ளை வில்லைகளும் கொண்டுவந்தார். எஸ்பிட் என்று பெயர். புகையில்லை, சாம்பலில்லை, ஒழுகாது. அந்த வில்லையின் வேதிப்பொருள் ஹெக்ஸமின். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்தாகக் கொடுப்பதும் இதே பொருளைத்தான்! ஆனால் அடுப்பு வில்லையை வாயில் வைக்கவே கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது.

ஸ்பிரிட் அடுப்பில் கெடுவதற்கு ஒரு பாகமும் இல்லை. ஸ்வீடனின் டிராங்கியா 1951-ல் கொண்டுவந்த புயல் அடுப்பு இன்றும் ஏறக்குறைய அதே வடிவத்தில் விற்கிறது! ஆனால் பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால் பாட்டிலே கையில் பற்றிக்கொள்ளும். தொட்டுப் பார்க்கக் குளிர்ந்திருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும்.

இன்று மலையேறுபவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 230 கிராம் கேஸ் குப்பி. 15 லிட்டர் தண்ணீர் வரை கொதிக்கும். இதற்கு ஒரே பகை குளிர். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாக மறுத்துவிடும்! ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி விடியலில் வெறும் பியூட்டேன் குப்பி மினுக்மினுக்கென்று அழுதால் பழுதென்று நினைக்காதீர்கள், அதற்குக் குளிர்கிறது. வாங்கும்போதே கலவையைப் பார்த்து வாங்குங்கள். அனுபவப்பட்டவர்கள் இரவில் குப்பியைத் தூங்கும் பைக்குள் அணைத்துக்கொண்டுதான் படுப்பார்கள்.

சியாட்டிலைச் சேர்ந்த லாரி பென்பர்தி என்ற பொறியாளர், மலை உச்சிகளில் பலர் நோயுறுவதற்குத் தண்ணீர் போதாததும் ஒரு காரணம் என்று கருதினார். தண்ணீர் ஏன் போதவில்லை? அடுப்பு பனியை உருக்கத் திணறுவதால்! 1973-ல் அவர் எரிபொருள் பாட்டிலை அடுப்பிலிருந்தே பிரித்து, நடுவே ஒரு குழாய் வைத்தார். பாட்டில் தள்ளிப் போனதால் சுடரைச் சுற்றித் தகடு போட்டுக் காற்றைத் தடுக்க முடிந்தது. ஒரே ஒரு குழாய், இவ்வளவு மாற்றம்! ஆனால் குப்பியின் தலையிலேயே பர்னர் உட்காரும் அடுப்பைச் சுற்றி இப்படித் தகடு கட்டாதீர்கள். குப்பி சூடேறி வெடிக்கும்.

உயரம் ஏற ஏறக் கொதிநிலையும் இறங்கும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; எவரெஸ்ட் அடிவார முகாமில் 82-ல். அங்கே துவரம்பருப்பை எவ்வளவு கொதிக்கவிட்டாலும் வேகாது. மலைக்கு அரிசி நூடுல்ஸ், அவல், ரவை எடுத்துப்போங்கள்.

இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதிமீறி ஏற்றப்பட்டிருந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். தேநீருக்காக! ரயிலிலும் விமானத்திலும் குப்பியை எடுத்துப்போகக் கூடாது என்ற விதி சும்மா எழுதப்பட்டதில்லை. காட்டுக்குள் அனுமதியில்லாமல் தீ மூட்டுவதும் குற்றம்.

இன்னொன்று, சத்தமே போடாமல் கொல்வது. மூடிய கூடாரத்திலோ கதவடைத்த அறையிலோ எந்த அடுப்பு எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமில்லை, நிறமில்லை. தலைவலி மாதிரி ஆரம்பிக்கும், தூக்கம் மாதிரி முடியும். கரி அடுப்பைக் குளிருக்காக உள்ளே வைத்துத் தூங்கவே தூங்காதீர்கள்.

தீயே இல்லாமல் சூடு!

1990களிலிருந்து அமெரிக்கச் சிப்பாயின் உணவுப் பொட்டலத்தில் ஒரு பை இருக்கிறது. மக்னீசியத் தூள், இரும்புத் தூள், உப்பு. இரண்டு வாய்த் தண்ணீர் விட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாப்பாடு சூடு. தீக்குச்சி வேண்டாம், வெளிச்சம் எதிரிக்குத் தெரியாது. தீதான் வேண்டும் என்பவர்களுக்கு, விறகுத் தீயின் வெப்பத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, தனக்கு விசிறி ஓட்டிக்கொண்டு, மிஞ்சியதில் போனுக்கு சார்ஜும் ஏற்றும் அடுப்பும் வந்துவிட்டது. 2012-ல் சாண்டி புயல் நியூயார்க்கை இருட்டாக்கியபோது தெருவோரம் அந்த அடுப்பை எரித்து மக்கள் போனுக்கு சார்ஜ் ஏற்றினார்கள்!

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மாடியில் இருந்தவை ஓர் இண்டக்ஷன் அடுப்பு (கரண்ட் இல்லாததால் வெறும் கண்ணாடி), ஈர விறகு, மூன்று செங்கல். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பழைய பெயின்ட் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, கிழிந்த அட்டைப்பெட்டியையும் தேங்காய்ச் சிரட்டையையும் போட்டுப் பற்ற வைத்தார். டின்னைச் சுற்றிச் செங்கலை நெருக்கிக் காற்றை மறைத்தார். அரிசியைப் போட்டுக் கொதி வந்ததும் பத்தே நிமிடம். பிறகு மூடி போட்டு, பானையை இறக்கி, இரண்டு போர்வையில் புதைத்துவிட்டார்.

"என்னக்கா, அரிசி இன்னும் நறுக்கென்று இருக்குமே?" என்றேன்.

"சிரட்டை நாளைக்கும் வேணும்ல? சூடு உள்ளேயேதான் இருக்கு. அது பாட்டுக்கு வேகும்."

முக்கால் மணி நேரம் கழித்துப் போர்வையைப் பிரித்தார். ஆவி பறந்தது. சோறு வெந்திருந்தது.